பனிக்கட்டி ஊதும் காற்று

புளூட்டோவில் காற்று எந்தத் திசையில் வீசுகிறது? எந்தக் கருவியும் இதுவரை அதை நேரில் அளந்ததில்லை. ஆனாலும் ஒரு கணினி மாதிரி அடித்துச் சொல்கிறது: கோள் சுழலும் திசைக்கு நேரெதிராக. அதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

புளூட்டோவின் நடுக்கோட்டை ஒட்டி, கருஞ்சிவப்பு நிலத்தின் நடுவே ஒரு மலைத்தொடர் இருக்கிறது. பிகாஃபெட்டா மலைகள் என்று அதற்குப் பெயர். மெகல்லனோடு கப்பலேறிப் போய், உலகைச் சுற்றிய அந்தப் பயணத்தை எழுதிவைத்த இத்தாலியரின் பெயர் அது. 2015 ஜூலை 14 அன்று நாசாவின் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் 12,500 கிலோமீட்டர் தொலைவில் புளூட்டோவைக் கடந்து போனபோது எடுத்த படங்களில் அந்த மலைகளின் உச்சிகள் மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தன. அடிவாரம் கருப்பு, முகடு வெள்ளை. ஆல்ப்ஸ் மலையின் படம் என்று சொல்லி யாரிடமாவது காட்டினால் நம்பிவிடுவார்கள்.

நம் பூமியில் மலையுச்சியில் ஏன் பனி என்பது பள்ளிப் பாடம். காற்று மேலே ஏறும்போது விரிகிறது, விரியும்போது குளிர்கிறது, அதிலுள்ள நீராவி பனியாகிறது. மேலே போகப் போகக் குளிர். ஆனால் புளூட்டோவில் இந்தக் கணக்கே தலைகீழ். தரையை ஒட்டிய காற்று சுமார் மைனஸ் 235 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. 25 கிலோமீட்டர் உயரத்தில் அது மைனஸ் 165 டிகிரி வரை சூடாகிவிடுகிறது. காற்றிலுள்ள மீத்தேன் சூரிய ஒளியை வாங்கிக்கொள்வதால் வரும் சூடு இது. அப்படியானால் மலையேறும்போது குளிர் கூடாது. உச்சியில் பனி படியவும் கூடாது. ஆனால் படிந்திருக்கிறதே!

விடையைத் தந்தது தொலைநோக்கி அல்ல. பிரெஞ்சு விஞ்ஞானி டாங்கி பெர்ட்ராண்டும் கூட்டாளிகளும் புளூட்டோவின் தட்பவெப்பத்தை அப்படியே கணினிக்குள் ஓடவிட்டார்கள். 2020 அக்டோபரில் வெளியான அவர்களது ஆய்வு சொன்னது இது. அந்த மலைமேல் இருப்பது நீர்ப்பனி இல்லை, உறைந்த மீத்தேன். புளூட்டோவின் காற்றில் மீத்தேன் எல்லா உயரத்திலும் ஒரே அளவில் கலந்திருப்பதில்லை. தரைக்குப் பக்கத்தில் குறைவு, சில கிலோமீட்டர் மேலே அதிகம். காற்றோட்டம் அதை அப்படி அடுக்கிவைத்திருக்கிறது. மலையுச்சி அந்த மீத்தேன் நிறைந்த அடுக்குக்குள் தலையை நீட்டுகிறது. உச்சியின் மீது மீத்தேன் உறைகிறது. உறைந்த வெள்ளைப் படலம் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புவதால் உச்சி மேலும் குளிர்கிறது. அதன்மேல் இன்னும் கொஞ்சம் உறைகிறது. ஆக, ஆல்ப்ஸும் பிகாஃபெட்டாவும் பார்வைக்கு உடன்பிறப்புகள். ஆனால் இரண்டும் வெண்மையான வழி வேறு.

புளூட்டோ கோளா, குறுங்கோளா என்ற 2006-ம் ஆண்டுப் பட்டிமன்றத்தை இங்கே திறக்கப்போவதில்லை. 2,377 கிலோமீட்டர் விட்டமே உள்ள, நம் நிலாவைவிடச் சின்னதான ஓர் உருண்டைக்கு இவ்வளவு சிக்கலான வானிலை இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். அங்கே நாம் ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறோம். அதுவும் நிற்காமல், நொடிக்கு 14 கிலோமீட்டர் வேகத்தில். மற்றதெல்லாம் கணக்கு.

காற்றா அது?

முதலில் அளவைச் சொல்லிவிட வேண்டும். புளூட்டோவின் தரையில் காற்றழுத்தம் சுமார் 11 மைக்ரோபார். பூமியின் அழுத்தத்தில் ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்கு. அங்கே நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் காற்றடித்தாலும் முகத்தில் ஒன்றும் படாது. ஆனால் அந்த மெல்லிய காற்று பனித்துகள்களை அள்ளிக் குன்றாக்குகிறது, மலைக்கு வெள்ளை பூசுகிறது, பனியாற்றை இடம் மாற்றுகிறது. நமக்கு உறைக்காத காற்று என்பதால் அதைக் காற்றில்லை என்று சொல்லிவிட முடியாது.

இந்தக் காற்றின் பெரும்பகுதி நைட்ரஜன். நாம் சுவாசிக்கும் காற்றிலும் அதுதான் அதிகம் என்றாலும், பூமியில் நைட்ரஜன் உறைவதே இல்லை. புளூட்டோவில் அது உறையும், ஆவியாகும், மறுபடி உறையும். தரையில் கிடக்கும் நைட்ரஜன் பனிக்கட்டியும் மேலே மிதக்கும் நைட்ரஜன் வாயுவும் எந்நேரமும் கொடுக்கல் வாங்கலில் இருக்கின்றன. பனிக்கட்டியின் வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் போதும், காற்றழுத்தம் ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும். பூமியின் வளிமண்டலத்தை ஓட்டுவது சூரியச் சூடு என்றால், புளூட்டோவின் வளிமண்டலத்தை ஓட்டுவது தரையில் கிடக்கும் பனிக்கட்டி. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் அதிலிருந்தே வந்துவிடும்.

இவ்வளவு தூரத்திலிருந்து லட்சத்தில் ஒரு பங்கு அழுத்தத்தை எப்படி அளந்தார்கள்? நட்சத்திர மறைப்பு என்று ஒரு பழைய உத்தி இருக்கிறது. புளூட்டோ நகரும்போது எப்போதாவது ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் வரும். காற்றே இல்லாத உருண்டையாக இருந்தால் நட்சத்திரம் சட்டென்று அணையும். காற்று இருந்தால் ஒளி வளைந்து, மெல்ல மங்கி மறையும். 1988 ஜூன் 9 அன்று எம்.ஐ.டி.யின் ஜேம்ஸ் எலியட் குழு கைப்பர் பறக்கும் ஆய்வகத்திலிருந்து, அதாவது தொலைநோக்கி பொருத்திய ஒரு விமானத்திலிருந்து, நட்சத்திரம் அப்படி மெல்ல மங்குவதைப் பார்த்தது. புளூட்டோவுக்கு வளிமண்டலம் உண்டு என்பது சந்தேகத்துக்கு இடமின்றி உறுதியானது அன்றுதான்.

அடுத்த ஆண்டே, 1989-ல், புளூட்டோ சூரியனுக்கு மிக அருகில் வந்தது. 248 ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் அப்படி வரும். அதற்குப் பிறகு விலகத் தொடங்கியது. விலகினால் குளிரும், குளிர்ந்தால் நைட்ரஜன் உறையும், காற்று மொத்தமும் தரையில் விழுந்துவிடும். இதுதான் அன்றைய கணிப்பு. காற்று விழுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்பது நியூ ஹொரைசன்ஸ் திட்டத்துக்காக முன்வைக்கப்பட்ட வாதங்களில் முக்கியமானது.

2002-ல் மீண்டும் நட்சத்திர மறைப்புகளை அளந்தார்கள். காற்று குறையவில்லை, இரண்டு மடங்காகியிருந்தது! 1988-ஐ ஒப்பிட்டால் 2015-ல் மூன்று மடங்கு. இத்தனைக்கும் அந்த இடைவெளியில் புளூட்டோவுக்குக் கிடைத்த வெயில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. வெயில் குறையக் குறையக் காற்று பெருகுகிறது என்றால் எங்கோ எதையோ கணக்கில் எடுக்கவில்லை என்று அர்த்தம்.

பெட்டிகளுக்குள் ஒரு கோள்

பூமியில் நாளை மழை வருமா என்று சொல்லும் கணினி மாதிரிக்கும் புளூட்டோ மாதிரிக்கும் அடிப்படை ஒன்றுதான். கோளின் மேற்பரப்பைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் மேலும் காற்றை அடுக்கடுக்காக வெட்டி, ஒவ்வொரு பெட்டிக்கும் அழுத்தம், வெப்பம், காற்றின் வேகம் என்று எண்களைக் கொடுக்கிறார்கள். பிறகு நியூட்டனின் விதிகளும் வெப்ப இயக்க விதிகளும் ஒரு பெட்டியில் நடப்பது பக்கத்துப் பெட்டியை எப்படிப் பாதிக்கும் என்று சொல்கின்றன. சில நிமிடங்களுக்கு ஒரு முறை எல்லாப் பெட்டிகளின் கணக்கையும் திரும்பப் போட வேண்டும். புளூட்டோவுக்கு ஒரு பெட்டியின் அகலம் சுமார் 150 கிலோமீட்டர். பெரிய பெட்டிதான். ஆனால் உருண்டையும் சின்னது.

பாரிசில் உள்ள வானிலை இயக்கவியல் ஆய்வுக்கூடத்தில் ஃபிரான்சுவா ஃபொர்ஜே இந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர். அவர் செவ்வாயிலிருந்து தொடங்கினார். செவ்வாயிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். அங்கே காற்று என்பது கார்பன் டை ஆக்சைடு. குளிர்காலத்தில் அதில் ஏறக்குறைய கால் பங்கு துருவத்தில் உறைந்துபோகிறது. செவ்வாய்க்குச் செய்த அந்தக் கணக்கு புளூட்டோவுக்கு முன்னனுபவமாக இருந்தது. பெர்ட்ராண்ட் அவருடைய மாணவராக இருந்து, பின்னர் நாசாவின் ஏம்ஸ் மையத்துக்குப் போனவர்.

புளூட்டோவில் ஒரு வினோதச் சிக்கல் வந்தது. காற்றின் கணக்கை நிமிடக் கணக்கில் போட வேண்டும். பனிக்கட்டியோ ஆயிரக்கணக்கான ஆண்டுகளில்தான் ஓரிடம்விட்டு ஓரிடம் போகிறது. புளூட்டோவின் ஓராண்டே நம் 248 ஆண்டுகள். காற்றோடு சேர்த்து ஆயிரக்கணக்கான ஆண்டுகளை ஓட்ட எந்தக் கணினியாலும் ஆகாது. எனவே வேலையை இரண்டாகப் பிரித்தார்கள். முதலில் காற்றின் வேகம், திசை எதையும் பார்க்காமல், பனிக்கட்டியின் இடமாற்றத்தை மட்டும் 50,000 ஆண்டுகளுக்கு ஓட்டினார்கள். அது நிதானமாகி ஓரிடத்தில் அமர்ந்த பிறகு, அந்தப் பனி வரைபடத்தை எடுத்து முழு வளிமண்டல மாதிரியில் போட்டு, 1984-லிருந்து 2015 வரை ஓடவிட்டார்கள். விண்கலம் போன நாளில் மாதிரி எதைக் காட்டுகிறது, விண்கலம் எதைப் பார்த்தது என்று பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம் இல்லையா?

இதில் குறுக்குவழி இருக்கிறது, ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் நேர்மையான குறுக்குவழி. எதை விட்டோம், எதை எடுத்தோம் என்று கட்டுரையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

பள்ளத்தில் ஏன் நைட்ரஜன்?

விண்கலம் அனுப்பிய படங்களிலேயே பிரபலமானது அந்த இதய வடிவம். உலகமே அதைப் பார்த்து உருகியது. இதயத்தின் இடதுபாதிக்கு ஸ்புட்னிக் சமவெளி என்று பெயர். சுமார் ஆயிரம் கிலோமீட்டர் அகலமுள்ள, சுற்றுப்புறத்தைவிட மூன்று நான்கு கிலோமீட்டர் தாழ்வான ஒரு பள்ளம். அது நிறைய நைட்ரஜன் பனிக்கட்டி. கூடவே கொஞ்சம் மீத்தேன், கொஞ்சம் கார்பன் மோனாக்சைடு. அதில் ஒரு விண்கல் பள்ளம்கூடக் கண்ணுக்குத் தென்படவில்லை. அடியிலிருந்து சூடான பனிக்கட்டி மேலே வந்து, குளிர்ந்து, மறுபடி கீழே போய், தன் முகத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது.

இவ்வளவு நைட்ரஜன் ஏன் துருவத்தில் சேராமல், நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு குழிக்குள் வந்து உட்கார்ந்தது? யாரோ ஊற்றி வைத்தது போலத் தெரியும். பலர் பல விளக்கங்கள் சொன்னார்கள். அடியில் நைட்ரஜன் ஊற்று இருக்கலாம் என்பதும் அதில் ஒன்று. 2016-ல் பெர்ட்ராண்டும் ஃபொர்ஜேயும் நேச்சர் இதழில் தந்த விடை இதைவிட எளிமையானது. அவர்கள் மாதிரியில் ஆரம்பத்தில் நைட்ரஜனை உருண்டை முழுக்கச் சமமாகப் பரப்பிவிட்டார்கள். ஓட ஓட, அது தானாகவே பள்ளத்துக்கு வந்து சேர்ந்தது.

காரணம் இதுதான். பள்ளத்தின் அடியில் காற்றழுத்தம் கொஞ்சம் கூடுதல். அழுத்தம் கூடினால் நைட்ரஜன் உறையும் வெப்பநிலையும் கொஞ்சம் கூடும். அதாவது பள்ளத்துப் பனிக்கட்டி மேட்டுப் பனிக்கட்டியைவிட ஒரு துளி சூடானது. சூடான பொருள் அதிக வெப்பக் கதிரை வெளியே விடும். அப்படி இழக்கும் வெப்பத்தை ஈடுகட்ட, காற்றிலிருந்து கூடுதலாக நைட்ரஜன் அதன்மேல் உறைய வேண்டும். வாயு உறையும்போது வெப்பம் வெளிப்படும் அல்லவா? ஆக, குழி சற்றுச் சூடாக இருப்பதாலேயே அதில் அதிகம் உறைகிறது. கேட்க முரணாக இருக்கும். திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. 50,000 ஆண்டு அவகாசம் கொடுத்தால், அந்த ஒரு துளி வித்தியாசம் ஒரு பனிக்கடலையே ஓரிடத்தில் சேர்த்துவிடுகிறது.

காற்று ஏன் மூன்று மடங்கானது என்ற பழைய புதிருக்கும் இதே சமவெளிதான் விடை. புளூட்டோவின் அச்சு படுத்த நிலையில் சாய்ந்திருக்கிறது. 1980-களின் கடைசியில் இருந்து சூரியன் வடக்கு அரைக்கோளத்தின் மேல் ஏறத் தொடங்கியது. ஸ்புட்னிக் சமவெளியின் பெரும்பகுதி வடக்கில் இருக்கிறது. மொத்த வெயில் குறைந்தாலும், நைட்ரஜன் கிடக்கும் இடத்தில் வெயில் நேராக விழ ஆரம்பித்தது. பனிக்கட்டி தன்னுள் வாங்கிய சூட்டைத் தாமதமாக விடுவதும் சேர்ந்துகொண்டது. பழைய கணிப்பில் தூரம் இருந்தது, பனி எங்கே கிடக்கிறது என்பது இல்லை.

எதிர்த்திசைக் காற்று

விண்கலம் போவதற்கு முன்பே பல குழுக்கள் புளூட்டோவுக்கு மாதிரி செய்திருந்தன. ஒவ்வொன்றிலும் காற்று ஒவ்வொரு விதமாக வீசியது. அதைக் குறையாகச் சொல்லிப் பயனில்லை. நைட்ரஜன் எங்கே உறைந்து கிடக்கிறது என்பதே அப்போது யாருக்கும் தெரியாது. ஆளுக்கொரு வரைபடத்தை வைத்துக்கொண்டால் ஆளுக்கொரு காற்று வரத்தானே செய்யும்?

ஸ்புட்னிக் சமவெளியை அதன் இடத்தில் வைத்து, 2020-ல் பெர்ட்ராண்ட் குழு ஓடவிட்ட மாதிரியில் வந்த முடிவுதான் இந்தக் கட்டுரையின் மையம். சமவெளி நடுக்கோட்டைத் தாண்டி இரு பக்கமும் நீள்கிறது. வெயில் படும் வடபகுதியில் நைட்ரஜன் ஆவியாகிறது. தென்பகுதியில் உறைகிறது. எனவே வாயு வடக்கிலிருந்து தெற்கே நடுக்கோட்டைக் கடந்து போயாக வேண்டும். போகும் வழியில்தான் விஷயம் இருக்கிறது. வட அட்சரேகையில் இருக்கும் காற்று சுழல் அச்சுக்கு அருகில் இருக்கிறது. நடுக்கோடு அச்சிலிருந்து தொலைவில் இருக்கிறது. சுழலும் ராட்டினத்தின் நடுவில் நிற்பவர் விளிம்பை நோக்கி நடந்தால், விளிம்பு வேகமாக ஓடுவதால் அவர் பின்தங்கிப் போவார். புளூட்டோவின் காற்றும் அப்படியே நடுக்கோட்டுக்கு வரும்போது கோளுக்குப் பின்தங்குகிறது. தரையில் நின்று பார்த்தால், கோள் சுழலும் திசைக்கு எதிராகக் காற்றடிக்கும். மாதிரியில் ஏறக்குறைய எல்லா அட்சரேகைகளிலும், எல்லா உயரங்களிலும் இந்த எதிர்ச்சுழற்சிதான்.

இது சூரியக் குடும்பத்தில் அபூர்வம். வெள்ளியிலும் சனியின் நிலாவான டைட்டனிலும் காற்று கோளைவிட வேகமாக, கோளின் திசையிலேயே ஓடுகிறது. பூமியில் திசை அட்சரேகைக்கு ஏற்ப மாறுகிறது. மொத்த வளிமண்டலமும் கோளுக்கு எதிராகச் சுற்றுவது புளூட்டோவிலும், நெப்டியூனின் நிலாவான ட்ரைட்டன் போன்ற அதன் இனத்திலும்தான் சாத்தியம் என்று தோன்றுகிறது. காரணம் பழையபடி பனிக்கட்டிதான்.

நாள்தோறும் நடப்பது இன்னொன்று. புளூட்டோவில் ஒரு நாள் என்பது நம் 6 நாள் 9 மணி நேரம். பகலில் சமவெளியிலிருந்து நைட்ரஜன் ஆவியாகி வெளியே பாய்கிறது. இரவில் உறைந்து உள்ளே இழுக்கிறது. இதயம் துடிக்கிறது என்று ஆய்வாளர்களே தலைப்பில் எழுதிவிட்டார்கள், பத்திரிகைகளுக்கு வேலை மிச்சம். சமவெளியின் மேற்கு விளிம்பில் மலை முட்டுவதால், தரையை ஒட்டிய காற்று அங்கே ஓர் ஆறு போல ஒதுங்கி வேகமெடுக்கிறது. ஜப்பான் கரையோரம் ஓடும் குரோஷியோ கடல் நீரோட்டத்துக்கும் இதற்கும் இயற்பியல் ஒன்றே.

சரி, காற்றை அளக்கவே இல்லை என்றால் இதை எப்படிச் சரிபார்ப்பது? விண்கலம் புளூட்டோவுக்குப் பின்னால் மறைந்தபோது பூமியிலிருந்து அனுப்பிய ரேடியோ அலைகள் அந்தக் காற்றின் வழியாகப் போய்ச் சேர்ந்தன. மறையும் இடம் தற்செயலாக ஸ்புட்னிக் சமவெளியின் தென்கிழக்கு ஓரம். அங்கே தரையை ஒட்டி மூன்று கிலோமீட்டர் தடிமனுக்கு ஒரு குளிர்க்காற்று அடுக்கு தெரிந்தது. மறுபக்கம் விண்கலம் வெளிவந்த இடத்தில் அது இல்லை. மாதிரியில் இதற்கு நேரான விளக்கம் இருந்தது: மாலை நேரம், பகல் முழுக்க ஆவியான குளிர்ந்த நைட்ரஜன் பள்ளத்துக்குள் தேங்கி நிற்கிறது. எனக்கு இதுதான் வலுவான சாட்சியாகப் படுகிறது. இதய வடிவத்தைவிட இந்த மூன்று கிலோமீட்டர் குளிர் அதிகம் சொல்கிறது.

இன்னொரு சாட்சி மணல்மேடுகள். சமவெளியின் மேற்கு ஓரத்தில், அல்-இத்ரீசி மலைகளின் அடிவாரத்தில், வரிவரியாக மேடுகள் தெரிந்தன. 2018-ல் பிளிமத் பல்கலைக்கழகத்தின் மேட் டெல்ஃபர் தலைமையிலான குழு, இவை காற்றில் உருவான மேடுகள் என்றும், மணலுக்குப் பதிலாக மீத்தேன் துகள்கள் என்றும் சயன்ஸ் இதழில் எழுதியது. ஒரு துகள் கால் மில்லிமீட்டர் இருக்கலாம். இவ்வளவு மெல்லிய காற்று அந்தத் துகளை முதலில் தரையிலிருந்து எப்படிக் கிளப்பும்? நைட்ரஜன் ஆவியாகி மேலெழும்போது துகளைச் சற்றே தூக்கிவிடுகிறது. அதன் பிறகு காற்று எடுத்துக்கொள்கிறது. இங்கேயும் காற்றுக்குத் துணை பனிக்கட்டி.

நீலப் புகைமூட்டம் சொன்ன பாடம்

மாதிரிகள் எல்லாம் வென்றுவிடவில்லை. விண்கலம் போவதற்கு முன் புளூட்டோவின் மேல் வளிமண்டலம் சுமார் மைனஸ் 170 டிகிரியில் இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். போய்ப் பார்த்தால் மைனஸ் 200-ஐ ஒட்டி இருந்தது. 30 டிகிரி குளிர்! கணக்கில் இருந்த எந்த வாயுவாலும் இவ்வளவு குளிர வைக்க முடியாது. இதனால் புளூட்டோ விண்வெளிக்கு இழக்கும் நைட்ரஜனும் எதிர்பார்த்ததில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை என்று ஆனது.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாந்தா குரூஸ் வளாகத்தில் இருக்கும் சி ஜாங் 2017-ல் குற்றவாளியைக் கைகாட்டினார்: புகைமூட்டம். விண்கலம் திரும்பிப் பார்த்து எடுத்த படத்தில், சூரிய ஒளியில் நீல வளையமாகத் தெரிந்ததே, அதேதான். 200 கிலோமீட்டருக்கு மேலும் பரவி, சுமார் 20 அடுக்குகளாக நின்ற அந்த மூட்டம், மீத்தேனும் நைட்ரஜனும் சூரியனின் புற ஊதாக் கதிரில் சிதைந்து சேர்ந்த நுண்துகள்கள். அவை வெயிலை வாங்குகின்றன. வாங்கியதை வெப்பக் கதிராக வெளியே விடுகின்றன. வாயுக்களைவிட அவைதான் வெப்பநிலையைத் தீர்மானிக்கின்றன என்றார் ஜாங். இது உண்மையானால் புளூட்டோ நடு அகச்சிவப்புக் கதிரில் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு ஒளிர வேண்டும், அதை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பார்த்துச் சொல்லட்டும் என்று சவாலும் விட்டார். அப்போது வெப் ஏவப்படவே இல்லை.

வெப் பார்த்தது. புளூட்டோவையும் அதன் துணைக்கோள் சாரனையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கும் கண் அதற்கு உண்டு. 2022, 2023 அளவீடுகளை வைத்து 2025-ல் வெளியான ஆய்வு ஜாங்கின் கணிப்பை ஆமோதித்தது. அந்த ஆய்வின் முதல் பெயர் பெர்ட்ராண்ட். ஒரு துறை ஆரோக்கியமாக இருப்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்: முன்கூட்டியே எண்ணைச் சொல், எந்தக் கருவியால் பிடிக்கலாம் என்று சொல், பிறகு காத்திரு.

சனியின் நிலாவில் தொலைந்த கட்டளை

மாதிரிகளுக்குச் சோதனை வைத்த இன்னொரு இடம் சனியின் நிலாவான டைட்டன். அங்கே கதை வேறு. அங்கே காற்று பூமியைவிடக் கனம். அழுத்தம் ஒன்றரை மடங்கு. 1995-லேயே அதே பாரிஸ் ஆய்வுக்கூடம், டைட்டனின் மேல் காற்று அந்த நிலாவைவிட வெகு வேகமாகச் சுற்றும் என்று மாதிரியில் காட்டியது. 2005 ஜனவரி 14 அன்று ஹாயிகன்ஸ் கலம் பாரசூட்டில் இறங்கியபோது இதை அளக்க ஒரு கருவி இருந்தது. ஆனால் தாய்க்கலமான காசினியில் இரண்டு அலைவரிசைகளில் ஒன்றைத் திறக்கும் கட்டளை விடுபட்டுப் போனது. காற்றளக்கும் சமிக்ஞை அந்த அலைவரிசையில்தான் வந்தது. நூறு கோடி கிலோமீட்டருக்கு அப்பால், பூமியிலிருந்த ரேடியோ தொலைநோக்கிகள் அந்த மெல்லிய முனகலை நேரடியாகப் பிடித்துப் பரிசோதனையைக் காப்பாற்றின. 120 கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு 430 கிலோமீட்டர் வேகம். மாதிரி சரி. ஆனால் 75 கிலோமீட்டர் உயரத்தில் காற்று கிட்டத்தட்ட நின்றேபோயிருந்தது. அதை எந்த மாதிரியும் சொல்லியிருக்கவில்லை.

நெப்டியூனின் ட்ரைட்டன் இன்னும் பாவம். 1989 ஆகஸ்ட் 25 அன்று வாயேஜர் 2 கடந்து போனதோடு சரி. மேற்பரப்பில் நாற்பது சதவீதம்தான் படத்தில் இருக்கிறது. எட்டு கிலோமீட்டர் உயரம் எழுந்த கரும்புகை ஊற்றுகள் ஒரு பக்கம் சாய்ந்து நீண்டதையும், தரையில் கரித்தீற்றல்கள் வேறு பக்கம் நீண்டதையும் வைத்துத்தான் அங்கே காற்றின் திசையை ஊகிக்கிறார்கள். பனி எங்கே எவ்வளவு என்ற வரைபடம் முழுதாக இல்லாமல் ட்ரைட்டனுக்குச் செய்யும் எந்த மாதிரியும், 2015-க்கு முந்தைய புளூட்டோ மாதிரிகளின் நிலையில்தான் இருக்கும்.

இனி?

புளூட்டோவின் காற்றை அளப்பதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 2019-ல் ஹவாயிலிருந்து பார்த்த ஜப்பானியக் குழு ஒன்று, புளூட்டோவின் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு சரிந்துவிட்டது என்று அறிவித்தது. காற்று விழத் தொடங்கிவிட்டதா என்று பரபரப்பு. 2020 ஜூன் 6 அன்று இன்னொரு நட்சத்திர மறைப்பு வந்தது. உத்தராகண்டில், நைனிதால் பக்கத்தில் தேவஸ்தலில் இருக்கும் 3.6 மீட்டர், 1.3 மீட்டர் தொலைநோக்கிகள் இரண்டும் அதைப் பிடித்தன. பிரான்சின் புருனோ சிக்கார்டியும் இந்திய வானியலாளர்களும் சேர்ந்து வெளியிட்ட முடிவு: அழுத்தம் சுமார் 12 மைக்ரோபார், 2015-லிருந்து பெரிதாக மாறவில்லை. ஏற்றம் நின்றுவிட்டிருந்தது, சரிவு அப்போது தொடங்கியிருக்கவில்லை. மாதிரிகள் சொன்னதும் ஏறக்குறைய இதுவே.

மாதிரிகளுக்குள் இருக்கும் பெரிய ஓட்டை புளூட்டோவின் தெற்கு. 2015-ல் தென்னரைக்கோளத்தின் ஒரு பெரிய பகுதி துருவ இரவில் இருந்தது. அங்கே நைட்ரஜன் உறைந்து கிடக்கிறதா, கிடந்தால் எவ்வளவு என்பது படத்தில் இல்லை. அங்கு வெயில் முழுதாகத் திரும்புவது அடுத்த நூற்றாண்டில்தான். காற்று எப்போது, எவ்வளவு சரியும் என்ற எந்தக் கணிப்பும் இந்த இருட்டுக்குள் என்ன வைத்துக் கணக்குப் போட்டோம் என்பதைப் பொறுத்தே இருக்கும்.

எனவே என் தீர்ப்பு இது. நைட்ரஜன் ஏன் பள்ளத்தில் சேர்ந்தது, மலையுச்சி ஏன் வெளுத்தது, காற்று ஏன் எதிர்த்திசையில் ஓடுகிறது: இம்மூன்றிலும் மாதிரியை நம்பலாம். வந்த சாட்சிகள் அதற்கு ஆதரவாகவே இருக்கின்றன. இன்ன ஆண்டில் காற்று விழுந்துவிடும் என்று யாராவது தேதி சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு முறை அப்படிச் சொல்லி, மூன்று மடங்காகிப் போனதைப் பார்த்துவிட்டோம்.

டைட்டனில் பறந்து பறந்து இறங்கப்போகும் டிராகன்ஃபிளை கலத்தை 2028 ஜூலையில் ஏவ நாசா திட்டமிட்டிருக்கிறது. போய்ச் சேர 2034 ஆகும். புளூட்டோவுக்கோ ட்ரைட்டனுக்கோ மறுபடி போக எந்த நாடும் இன்னும் நாள் குறிக்கவில்லை.